பிச்சைக்காரனுக்கு எந்தக் குரல்? ஓர் ஒடிசி ஒலிநூல் மதிப்புரை

ஹோமரின் ஒடிசியை ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பில் முழுமையாக வாசித்துப் பதிவு செய்திருக்கும் ஒலிநூல் ஒன்றைச் சந்தாச் செயலி வழியாக வாங்கி, ஒன்றரை மாதத்தில் இரண்டு முறை கேட்டு முடித்தேன். 24 காதைகளையும் ஒரே நடிகர் வாசிக்கிறார். மொத்தம் ஏறத்தாழ 13 மணி நேரம். நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் நிறைகளையும் குறைகளையும் ஒடிசியின் எந்த ஒலிப்பதிவை வாங்குவதற்கு முன்பும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், பெயர் இல்லாமலேயே இந்த மதிப்புரை பயன்படும் என்று நினைக்கிறேன்.

செயலியில் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கத் தரப்பட்டிருந்த ஐந்து நிமிட மாதிரி, ஒற்றைக்கண் அரக்கனின் குகையிலிருந்து எடுக்கப்பட்டது. வேறெதை எடுப்பார்கள்? அரக்கன், மாயக்காரி சிர்சி, பாடி மயக்கும் சைரன்கள் என்று ஒடிசி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை எல்லாம் 9 முதல் 12 வரையிலான நான்கு காதைகளுக்குள் முடிந்துவிடுகின்றன. அவையும், டிராய்ப் போருக்குப் போய் இருபதாம் ஆண்டில் வீடு திரும்பும் இத்தாக்கா மன்னன் ஒடிசியஸ், வழியில் தனக்கு இடம் கொடுத்த ஃபேசியர் என்னும் கடலோடிகளின் அரசவையில் விருந்துக்குப் பிறகு தானே எடுத்துச் சொல்லும் கதைகள். காவியத்தின் சரிபாதி, அதாவது 13 முதல் 24 வரையிலான காதைகள், அவன் இத்தாக்காத் தீவில் கால் வைத்த பிறகு நடப்பவை. கிரேக்கர்கள் நோஸ்தோஸ் என்று அழைத்த வீடு திரும்பல் கடற்பயணத்தோடு முடிவதில்லை. கரை சேர்ந்தவன் வீட்டுக்குள் நுழைவதற்குப் பன்னிரண்டு காதைகள் தேவைப்படுகின்றன. எனவே ஓர் ஒடிசி வாசிப்பை அரக்கனின் உறுமலை வைத்து அளக்காமல் 13ஆம் காதைக்குப் பிறகு வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மாதிரியைக் கேட்டு வாங்க நினைப்பவர்கள், செயலி அனுமதித்தால், 19ஆம் காதையிலிருந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

முதல் பாதியைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். மகன் டெலிமாக்கஸ் தந்தையைத் தேடிப் புறப்படும் முதல் நான்கு காதைகளில் நடிகர் சற்று அவசரப்படுகிறார். முதியவர் நெஸ்டரின் நீண்ட பேச்சில் அவருக்கே பொறுமை குறைந்ததுபோல் தோன்றுகிறது. இது சிறிய இழப்பு அன்று. டிராயிலிருந்து திரும்பிய அன்றே, தன் மனைவியின் கள்ளக்காதலன் ஏகிஸ்தஸின் விருந்தில் வெட்டப்பட்ட கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் கதை இந்தப் பகுதியில்தான் பலமுறை அழுத்திச் சொல்லப்படுகிறது. வீடு திரும்புகிறவனுக்கு வீடே பொறியாகலாம் என்ற அச்சத்தைக் கேட்பவன் மனத்தில் இங்கே விதைத்தால்தான், பின்னால் ஒடிசியஸ் ஏன் மனைவியிடம்கூடத் தன்னை மறைத்துக்கொள்கிறான் என்பது விளங்கும். ஒடிசியஸைப் போகவிடாமல் வைத்திருந்த தேவதை கலிப்ஸோவின் தீவும் ஃபேசியர் விருந்தும் நன்றாகவே இருக்கின்றன. பார்வையற்ற பாடகன் டெமோடோகஸ் டிராய்ப் போரைப் பாட, யாரென்று அறியப்படாத விருந்தாளியான ஒடிசியஸ் மேலாடையை முகத்தின் மேல் இழுத்துவிட்டு அழும் இடத்தில், நடிகர் தன் குரலில் அழுகையைச் சேர்க்காமல் வாசித்தது எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது.

இனி இத்தாக்கா. உறங்கிக்கொண்டிருக்கும் ஒடிசியஸை விரிப்போடு தூக்கிக் கரையில் கிடத்திவிட்டு ஃபேசியர்கள் போய்விடுகிறார்கள். இருபது ஆண்டுகள் ஏங்கிய மண்ணில் கண் விழித்தவனுக்கு, அவனுக்குத் துணைநிற்கும் தேவி அதீனா பரப்பிய மூடுபனியால், அது தன் மண் என்றே தெரியவில்லை. வந்த இடம் எதுவோ என்று புலம்பியவன், அடுத்து உட்கார்ந்து தன்னுடன் இறக்கப்பட்ட முக்காலிகளையும் கொப்பரைகளையும் பொன்னையும் துணிகளையும் எண்ணிப் பார்க்கிறான், ஏதாவது களவு போயிருக்கிறதா என்று! இந்த இடத்தை நடிகர் வாசிக்கும் விதத்தில் மெல்லிய நகைச்சுவை இருக்கிறது. வீரனின் திருமுகம் கலைந்து, சரக்கு சரிபார்க்கும் மனிதன் தெரிகிறான்.

அதீனா அவனைக் கிழப் பிச்சைக்காரனாக மாற்றுவதும் இந்தக் காதையில்தான். இங்கேதான் ஒலிநூல் தயாரிப்பவர்களுக்குப் பெரிய கேள்வி எழுகிறது: இனி 22ஆம் காதை வரை ஒடிசியஸ் எந்தக் குரலில் பேச வேண்டும்? முன்பு நான் கேட்ட வேறொரு பதிவில் அவனுக்கு நடுங்கும் கிழக்குரல் கொடுத்திருந்தார்கள். மேடை நாடகத்துக்கு அது பொருந்தலாம். இந்தப் பதிவின் நடிகர் அப்படிச் செய்யவில்லை. அதே குரலில்தான் வாசிக்கிறார். சொற்களுக்கிடையே இடைவெளி மட்டும் சற்றுக் கூடுகிறது, வாக்கியத்தின் இறுதி தணிந்து முடிகிறது. முதலில் எனக்கே இது சோம்பல் என்று பட்டது. பிறகு மூலத்தின் போக்கை நினைத்துப் பார்த்தேன். அதீனா அவன் தோலைச் சுருக்குகிறாள், தலைமுடியை அழிக்கிறாள், கண்ணின் ஒளியை மங்க வைக்கிறாள், கந்தலும் தடியும் பையும் கொடுக்கிறாள். குரலை மாற்றியதாக ஒரு சொல்லும் இல்லை. அது மட்டுமன்று, 19ஆம் காதையில் கால் கழுவ வரும் கிழத் தாதி யூரிகிளியா, "எத்தனையோ வழிப்போக்கர்கள் இங்கே வந்திருக்கிறார்கள், உடலிலும் குரலிலும் பாதங்களிலும் ஒடிசியஸை உன்னளவு ஒத்த ஒருவரை நான் கண்டதில்லை" என்ற பொருளில் பேசுகிறாள். ஒடிசியஸும் சளைக்காமல், எங்கள் இருவரையும் பார்த்த எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சமாளிக்கிறான். பிச்சைக்காரனுக்குப் பொய்க்குரல் கொடுத்த பதிவுகளில் தாதியின் இந்தச் சொற்கள் அர்த்தமற்றுப் போகின்றன. இந்தப் பதிவிலோ, ஆறு காதைகளாக நாம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே குரலை அவளும் கேட்கிறாள் என்று உணரும்போது உடல் சிலிர்க்கிறது. இந்த ஒரு முடிவுக்காகவே இந்த ஒலிநூலுக்குக் கொடுத்த பணம் தகும்.

குரலை மாற்றாததன் பயன் அதற்கு முன்பே, 17ஆம் காதையிலும் தெரிகிறது. ஒடிசியஸும் பன்றி மேய்க்கும் யூமேயஸும் அரண்மனை வாசலில் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். எருக்குவியலில் உண்ணி மொய்த்துக் கிடக்கும் ஆர்கோஸ் என்ற நாய் தலையையும் காதுகளையும் தூக்குகிறது. போருக்குப் போகுமுன் அவன் வளர்த்த நாய். எஜமானன் அருகில் இருப்பதை அது அறிகிறது, வாலை ஆட்டுகிறது, காதுகளைத் தாழ்த்துகிறது, நகர்ந்து வர மட்டும் வலுவில்லை. யூமேயஸ் பார்க்காதபடி ஒடிசியஸ் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். இருபதாம் ஆண்டில் அவனைக் கண்டவுடன் நாய் இறந்துபோகிறது. குரலால்தான் அது அறிந்தது என்று கவிஞர் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது காதைத் தூக்கியது என்ற வரிசையைச் செவியால் கேட்பவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

யூமேயஸைப் பற்றி ஒரு சொல். மற்ற எல்லோரையும் 'அவன்', 'அவள்' என்று படர்க்கையில் சொல்லும் கவிஞர், ஒடிசி முழுவதிலும் இந்தப் பன்றி மேய்ப்பவனை மட்டும் முன்னிலையில் அழைத்து, "யூமேயஸே, நீ அவனுக்கு மறுமொழி சொன்னாய்" என்று பேசுகிறார். அச்சில் படிக்கும்போது இது ஒரு பழைய சொல்வழக்காக ஓடிப்போகும். நடிகர் ஒவ்வொரு முறையும் அந்த 'நீ'யில் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோல் வாசிக்கிறார். எஜமானன் இல்லாத இருபது ஆண்டுகளும் அவன் பன்றிகளைக் காத்து வந்த ஓர் அடிமைக்கு, கவிஞரின் நேரடிப் பேச்சு ஒரு மரியாதையாகவே காதில் விழுகிறது.

இப்போது குறைகள். முதலாவது, செயலியில் 'மௌனத்தைச் சுருக்கு' என்றொரு வசதி இருக்கிறது. நான் கேட்காமலேயே அது இயக்கப்பட்டிருந்தது. பேச்சின் இடைவெளிகளை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, செய்தி கேட்பவர்களுக்கு நல்லது. 19ஆம் காதைக்கோ அது நஞ்சு. எதிரே இருப்பவன் தன் கணவன் என்று அறியாமல் பெனலபி அவனிடமே அவனைப் பற்றிக் கேட்டு அழுகிறாள். மலையுச்சியில் உருகும் பனிபோல அவள் கன்னம் கரைகிறது என்கிறார் கவிஞர். ஒடிசியஸின் கண்களோ கொம்போ இரும்போபோல அசையாமல் நிற்கின்றன. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே நடிகர் ஏறத்தாழ மூன்று நொடி மௌனம் விட்டிருக்கிறார். முதல் முறை கேட்டபோது அந்த மௌனம் எனக்குக் கிடைக்கவில்லை. பனி உருகிய அதே மூச்சில் இரும்பு வந்து நின்றது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்த பிறகுதான் வாசிப்பவரின் உண்மையான வேகம் தெரிந்தது. வேகத்தையும் 1.25 என்று கூட்ட வேண்டாம். கடற்பகுதிகள் தாங்கும், இந்தக் காதை தாங்காது.

இரண்டாவது குறை பிரிப்பு. பதிப்புரை, அறிமுகம், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஆகிய மூன்றும் தனித் தனிப் பகுதிகளாக முன்னால் வைக்கப்பட்டு, நீண்ட காதைகள் இரண்டாக வெட்டப்பட்டிருப்பதால், செயலி காட்டும் எண்ணுக்கும் காதையின் எண்ணுக்கும் தொடர்பே இல்லை. குறிப்பிட்ட காதையைத் தேடும் மாணவர் தவித்துப்போவார். இதைவிடக் கொடுமை, 19ஆம் காதையை வெட்டியிருக்கும் இடம். யூரிகிளியா காலைக் கழுவும்போது தொடைத் தழும்பைத் தொட்டு அறிகிறாள். அந்த நொடியில் கவிஞர் கதையை நிறுத்தி, பர்னாசஸ் மலையில் இளம் ஒடிசியஸைக் காட்டுப்பன்றி குத்திய வேட்டையை எழுபதுக்கும் மேற்பட்ட அடிகளில் சொல்லிவிட்டு, மறுபடியும் அவள் கைக்குத் திரும்புகிறார். கை நழுவுகிறது, கால் பாத்திரத்தில் விழ, வெண்கலம் ஒலிக்கிறது, பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டுகிறது. தொட்ட விரலுக்கும் ஒலித்த வெண்கலத்துக்கும் இடையே கேட்பவனை இத்தனை நேரம் தொங்கவிடுவதுதான் இந்தக் காட்சியின் உயிர். வேட்டைக்கு நடுவில் பகுதி முடிந்து, நூலின் பெயரையும் பகுதி எண்ணையும் ஓர் அறிவிப்புக் குரல் சொல்கிறது. வெட்டியவர் கோப்பின் அளவைப் பார்த்திருக்கிறாரே தவிர, கதையைக் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது, வில். ஒடிசியஸ் இறந்துவிட்டான் என்று எண்ணிப் பெனலபியை மணக்க அவன் அரண்மனையில் கூடியிருக்கும் மணவேட்பாளர்கள் வளைக்க முடியாத வில்லை அவன் கையில் வாங்கி, இசைவாணன் தன் யாழின் புது முறுக்காணியில் நரம்பைப் பூட்டுவதுபோல எளிதாக நாணேற்றி, வலக்கையால் சுண்டிப் பார்க்கிறான். அது சிட்டுக்குருவிபோல் அன்று, தகைவிலான் குருவியின் குரலில் இனிமையாகப் பாடுகிறது. இற்ற வில்லின் ஓசையைக் காவியத்தில் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு, இறாத வில்லின் இந்த மெல்லிய ஒலி புதிய அனுபவம். பதின்மூன்று மணி நேரத்தில் ஓர் ஒலி விளைவும் சேர்க்காத தயாரிப்பாளர்கள், இங்கே மட்டும் ஆசை மீறி, கம்பி அதிரும் ஒரு செயற்கை ஒலியைச் சேர்த்திருக்கிறார்கள். குருவி என்று நடிகர் சொல்லி முடிக்குமுன் ஏதோ இரும்புக் கம்பி அதிர்கிறது. அடுத்து வரும் இடிக்கும் அதே கதி. உவமையைச் சொல்லவே ஒருவரை அமர்த்திவிட்டு, அவர் சொல்வதை நம்பாமல் போனதுபோல் இருக்கிறது.

இவ்வளவுக்கும், தயாரிப்பாளர்கள் கைவைக்காத இடங்களில் செவியின் வேலை வியப்பூட்டுகிறது. 20ஆம் காதையின் விடியலில் முன்கூடத்தில் படுத்திருக்கும் ஒடிசியஸின் காதில் பெனலபி அழும் குரல் விழுகிறது; அரைத்தூக்கத்தில், அவள் தன்னை அறிந்துகொண்டு தலைமாட்டில் வந்து நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. சற்று நேரத்தில் இடி இடிக்க, இரவெல்லாம் மாவரைத்த பன்னிரண்டு பெண்களில் வலுவற்றவளாகையால் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, இதுவே அந்த மணவேட்பாளர்களின் கடைசி விருந்தாகட்டும் என்று வேண்டுகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. நடிகர் அவளுக்குக் களைத்த, மூச்சு வாங்கும் குரல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த அரை நிமிடம் அதுதான்.

கொலைக் காதையை அவர் கூச்சலாக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கிண்ணத்தைத் தூக்கிய ஆன்டினோஸின் தொண்டையில் அம்பு பாய்வது முதல், 108 மணவேட்பாளர்களின் அழிவு வரை ஒரே சீரான வாசிப்பு. பன்னிரண்டு பணிப்பெண்களை டெலிமாக்கஸ் ஒரே கயிற்றில் தொங்கவிடும் இடத்தில், அவர்களின் கால்கள் சிறிது நேரம் துடித்தன, நெடுநேரமன்று என்ற அடியை எந்த உணர்ச்சியும் ஏற்றாமல் சொல்லி நகர்கிறார். வீரனின் வெற்றி என்று கொண்டாடி விற்கப்படும் கதைக்குள் இப்படியொரு அடி இருப்பதை அவர் மறைக்கவும் இல்லை, சுட்டிக்காட்டி நம்மைத் திருத்தவும் இல்லை.

23ஆம் காதையில் பெனலபி, கட்டிலை வெளியே எடுத்துப் போடு என்று தாதியிடம் சொல்லிக் கணவனைச் சோதிக்கிறாள். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே காலாக வைத்துத் தன் கையால் செய்த கட்டிலை யார் நகர்த்தினார்கள் என்று அவன் வெடிக்கிறான். அதுவரை ஏமாற்றுபவனாகவே இருந்தவன் ஏமாந்துபோகும் இடம் இது. நடிகரின் குரலும் இங்கேதான் முதல் முறையாகக் கட்டு மீறுகிறது. அடுத்து வரும் உவமை இன்னும் அருமை. அழும் ஒடிசியஸைப் பற்றிச் சொல்லிவிட்டு, கப்பல் உடைந்து நீந்திக் கரையேறியவர்களுக்கு நிலம் எவ்வளவு இனிதோ என்று தொடங்கும்போது, கரையேறியவன் அவன்தானே என்று நினைத்துக்கொண்டே கேட்கிறோம். முடிவில், அவ்வளவு இனிதாக இருந்தான் கணவன் அவளுக்கு என்று திரும்புகிறது. அந்த 'அவளுக்கு' என்ற சொல்லுக்கு முன் நடிகர் எடுக்கும் சிறு மூச்சு, எந்த உரையாசிரியரின் விளக்கத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது: இருபது ஆண்டுகள் கடலில் கிடந்தவள் அவளும்தான்.

இத்தோடு எனக்கு நூல் முடிந்துபோனது. கடைசிக் காதை அடங்கிய கோப்பு பதிவிறங்கவே இல்லை. 23ஆம் காதை முடிந்ததும் செயலி, நூலை முடித்ததற்காக எனக்குப் பாராட்டுத் தெரிவித்தது. ஹோமரின் நூலை ஆராய்ந்து பதிப்பித்த பழங்கால அலெக்சாந்திரிய அறிஞர்கள் அரிஸ்டோஃபனீஸும் அரிஸ்டார்க்கஸும் 23ஆம் காதையின் 296ஆம் அடியையே ஒடிசியின் எல்லையாகக் கருதினார்கள் என்று பழைய உரைக்குறிப்புகள் சொல்கின்றன. கணவனும் மனைவியும் பழைய படுக்கையை அடையும் அடி அது. வாடிக்கையாளர் சேவையில் அவர்களின் சீடர் யாரேனும் வேலை பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டேன், செயலி அந்த எல்லையை 76 அடி தாண்டி நின்றிருந்தாலும். முதல் மின்னஞ்சலுக்கு, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறு பதில் வந்தது; செய்தேன், பயனில்லை. இரண்டாவதற்கு நான்கு நாள் மௌனம். மூன்றாவதற்குப் பிறகு கோப்பு சரிசெய்யப்பட்டு, ஒரு மாதச் சந்தாவும் திருப்பித் தரப்பட்டது. பேசிய பணியாளர் பணிவாகவே பேசினார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒலிநூலுக்கும் ஹோமருக்கும் பழைய உறவு உண்டு என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹோமரின் காவியங்கள் வாய்மொழியாகப் பிறந்தவை என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி, 1934-35இல் யூகோஸ்லாவியாவின் ஊர்களில், இரண்டு சுழல்தட்டுகள் மாறி மாறி இயங்கும் கருவியைக் கொண்டு, பாட்டு அறுபடாதபடி அலுமினியத் தட்டுகளில் வாய்மொழிக் காவியங்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 12,000 அடிகளுக்கும் மேல் நீண்ட பாடலை அவருக்குத் தந்தார்; ஒடிசியும் ஏறத்தாழ அதே நீளம். பாட்டு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் எடுத்துக்கொண்ட அக்கறையை, இன்று கோப்புகளை வெட்டி அடுக்குபவர்களிடமும் எதிர்பார்ப்பது மிகையாகாது.

வந்து சேர்ந்த 24ஆம் காதை காத்திருப்புக்குத் தகுந்ததுதான். ஒட்டுப்போட்ட அழுக்கு உடையோடு தோட்டத்தில் செடிக்குக் குழி பறித்துக்கொண்டிருக்கும் கிழத் தந்தை லேயர்டீஸிடம் ஒடிசியஸ் முதலில் பொய் சொல்கிறான், தேவையே இல்லாமல். தந்தை மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழும்போதுதான் அவன் உடைகிறான். அடையாளம் கேட்கும் தந்தைக்குத் தழும்பைக் காட்டியபின், சிறுவனாக இந்தத் தோட்டத்தில் உங்கள் பின்னால் ஓடிவந்து ஒவ்வொரு மரத்தையும் கேட்டேனே, எனக்கென்று தந்தீர்களே என்று எண்ணிச் சொல்கிறான்: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சை வரிசைகள் 50. நடிகர் இந்த எண்களை ஒப்பிக்கும் சிறுவனின் தாளத்தில் வாசிக்கிறார். கரையில் இறங்கியதும் பொன்னையும் கொப்பரையையும் எண்ணிய அதே குரல்.

இணைப்பாகத் தரப்பட்ட கோப்பில் ஒரு வரைபடமும் பெயர்ப்பட்டியலும் உள்ளன. பட்டியல் பயனுள்ளது, வரைபடம் கைப்பேசியில் படிக்க முடியாத அளவு சிறியது. பெயர்களின் உச்சரிப்பு ஓரிரு இடங்களில் காதைக்குக் காதை மாறுகிறது. பெரிய உறுத்தல் இல்லை. காதைகளுக்கு இடையே வரும் குழலிசை முதல் ஆறு காதைகளுக்கு இனிமை, பிறகு இடையூறு.

அந்த இசையைப் பற்றி எனக்கு மிஞ்சியிருக்கும் வருத்தம் நூலின் கடைசி நொடியில் இருக்கிறது. கொல்லப்பட்டவர்களின் உறவினரோடு மூளும் சண்டையை நிறுத்தி அதீனா உடன்படிக்கை செய்துவைக்கிறாள், மென்டோர் என்பவனின் உடலையும் குரலையும் ஏற்றவளாக. கிரேக்க மூலத்தில் காவியத்தின் இறுதிச் சொல்லே 'குரல்' என்பதுதான். மொழிபெயர்ப்பும் அதைக் கடைசியில் வைத்திருக்கிறது, நடிகரும் அதைத் தணித்துத் தனியே நிறுத்திச் சொல்கிறார். அந்தச் சொல்லின் கடைசி ஒலி அடங்குவதற்குள் குழல் ஊதத் தொடங்கிவிடுகிறது.